இலண்டன் கண்ணாடியில் ஒரு ஜப்பானிய மாணாக்கர்

அயல்நாடு சென்று மீள்வோர் பெரும்பாலும் இருவகையினர். ஒரு சாரார் ஆங்குக் கண்டன யாவற்றையும் வியந்து, தம் வீட்டையும் தெருவையும் மொழியையும் இகழத் தொடங்குவர். மற்றொரு சாரார் ஆங்குக் கண்டன யாவற்றையும் இகழ்ந்து, தம் ஊர்ச் சாக்கடையையும் சந்தனம் என்று சாதிப்பர். இவ்விரு சாரார்க்கும் கப்பற் கூலி கொடுத்ததே மிச்சம். கண்ணால் காணுமுன்பே தீர்ப்பை எழுதி மடியிற் செருகிக்கொண்டு புறப்பட்டவர்க்குப் பயணம் எதனைக் கற்பிக்கும்?

இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாம் வகையினரும் உளர். அவர் மிகச் சிலர். பிறரை நிறுக்குமுன் தம் கையிலுள்ள தராசு சரியானதுதானா என்று சோதிப்பவர் அவர். அத்தகையார் ஒருவரைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். அவர் பெயர் நட்சுமே சோசெக்கி. 1900-ஆம் ஆண்டில் ஜப்பானிய சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்று, ஆங்கிலம் பயிலும் பொருட்டு இலண்டன் மாநகர் சென்றவர். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. மனைவியும் குழந்தையும் உடையவர். ஏற்கெனவே ஆங்கில ஆசிரியர். "முப்பது கடந்தவன் மாணாக்கனா?" என்று நகைப்பவர்க்கு, அவ்வயதினராகிய நாம் கூறும் விடை ஒன்றுண்டு. கற்கத் தகுந்தவற்றுட் பாதி முப்பதுக்குப் பின்னரே கண்ணுக்குத் தெரிகின்றன.

"ஜப்பானியரைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று தோட்டத்துப் பெரியவர்கள் வினவக்கூடும். வினவுதற்கு அவர்கட்கு உரிமையுண்டு. 1942 முதல் 1945 வரை மலாயாவை அடக்கியாண்ட ஜப்பானிய இராணுவம், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை போடுவதற்கென, நம் தோட்டங்களிலிருந்து தமிழரை வண்டி வண்டியாகக் கொண்டு சென்றது. சென்றவருட் பல்லாயிரவர் திரும்பவில்லை. நம் பாட்டனாரின் தமையனாரும் அவருள் ஒருவர். அவர் எவ்விடத்தில் மாண்டார் என்பதைச் சொல்ல ஆளில்லாமையால், எங்கள் வீட்டில் அவருக்கு நினைவு நாளும் இல்லை. இதனை மறைத்துவிட்டு எந்த ஜப்பானியரின் பெருமையையும் நாம் பேசப்போவதில்லை. ஆயினும், ஓர் அரசின் கொடுமையை ஓர் இனத்தின் குருதியில் ஏற்றிப் பேசுதல் பகுத்தறிவாகாது. சோசெக்கி 1916-ஆம் ஆண்டிலேயே காலமானவர். மேலும், அப்பிற்காலக் கொடுமையின் வித்து எங்கே கிடந்தது என்பதும் இவர் வரலாற்றிலேயே ஓரளவு புலப்படும். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

சோசெக்கிக்கு நாற்பதாண்டு முன்னர்க் கடல் கடந்த மற்றொரு மாணாக்கரை முதலிற் கூறுதல் வேண்டும். ஃபுகுசாவா யுகிச்சி என்பார் ஒசாக்கா நகரில் டச்சு மொழி வாயிலாக மேனாட்டுக் கல்வி பயின்றவர். 1859-இல் யோக்கோஹாமாத் துறைமுகத்துக்குச் சென்றபோது, தாம் பாடுபட்டுக் கற்ற டச்சு மொழியைக் கொண்டு ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்க இயலாமை கண்டு மனம் சோர்ந்தார். ஆயினும் சோர்வோடு படுத்துவிடவில்லை. மறுநாளே ஆங்கிலம் கற்பதென்று துணிந்தார். 1860-இல் கன்ரின் மாரு என்னும் சிறு கப்பலிற் பசிபிக் மாகடலைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்.

அங்கே தந்திக் கம்பியும் ஆலைகளும் அவரை வியப்பில் ஆழ்த்தவில்லை. அவற்றின் தத்துவத்தை அவர் நூல்களில் முன்பே படித்திருந்தார். அவரைத் திகைக்கச் செய்தவை சின்னஞ்சிறு வழக்கங்களே. ஜப்பானில் சிறு துண்டாக வாங்கிப் பணப்பை தைக்கும் விலையுயர்ந்த கம்பளத்தை, அங்கே அறை முழுவதும் விரித்து, வீதியில் நடந்த பாதரட்சையோடு அதன்மேல் நடந்தார்கள். குடிக்கக் கொடுத்த கிண்ணத்தில் மிதந்தது பனிக்கட்டி என்று அறியாமல், அவர் கூட்டத்தாருட் சிலர் அதனை விழுங்கினர், சிலர் துப்பினர், சிலர் கடித்து நொறுக்கினர். ஆடவரும் பெண்டிரும் கைகோத்து நடனம் என்ற பெயரில் அறைக்குள் துள்ளித் திரிந்தபோது, சிரித்தால் மரியாதைக் குறைவாகுமே என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இவை யாவும் சிரித்துவிட்டு மறக்கத்தக்கவை. மறக்கவொண்ணாத ஒன்றும் நிகழ்ந்தது. "ஜார்ஜ் வாஷிங்டனின் வழித்தோன்றல்கள் இப்போது எவ்வாறு இருக்கின்றனர்?" என்று அவர் ஓர் அமெரிக்கரை வினவினார். யாரோ ஒரு பெண் இருக்கக்கூடும், எங்கே இருக்கிறாரோ தெரியாது என்று அம்மனிதர் அசட்டையாக விடையளித்தார். ஆட்சியை நிறுவியவனின் வமிசத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தலைமேல் வைத்துக் கூத்தாடும் நாட்டிலிருந்து சென்றவருக்கு, அவ்வசட்டை ஒரு பெரும் பாடமாயிற்று. பிறப்பினால் வரும் பெருமை எல்லா நாட்டுக்கும் இயற்கை என்று எண்ணியிருந்தவர், அஃது இல்லாமலும் ஒரு நாடு நடக்கிறது என்பதைக் கண்ணாற் கண்டார்.

1862-இல் அவர் ஐரோப்பா சென்ற தூதுக் குழுவில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். அப்பயணத்தில் கப்பல் சிங்கப்பூரில் தங்கியபோது, ஓட்டோக்கிச்சி என்னும் ஜப்பானியர் அவரைச் சந்தித்தார். ஓட்டோக்கிச்சி இளமையிற் புயலில் அகப்பட்டு, ஓராண்டுக்கு மேல் கடலில் மிதந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கியவர். 1837-இல் ஒரு கப்பல் அவரைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அந்நிய நாட்டுக் கப்பல் என்று கரையிலிருந்து பீரங்கி சுட்டு விரட்டினார்கள். பல தேசம் அலைந்து முடிவிற் சிங்கப்பூரிற் குடியேறி, 1867-இல் அங்கேயே மாண்டார். ஒருவரைக் கல்வி கடல் கடத்தியது. மற்றொருவரைப் புயல் கடத்தியது. கல்வி கடத்தியவருக்குத் திரும்பி வரும் வழி திறந்திருந்தது. புயல் கடத்தியவருக்கு வாயில் அடைபட்டது. வயிற்றுப் பிழைப்பு என்னும் புயலாற் கடத்தப்பட்டு இந்நாட்டுக்கு வந்தவரின் பேரர்களாகிய நாம், இவ்விருவருள் ஓட்டோக்கிச்சிக்கே நெருங்கிய உறவினர்.

இனிச் சோசெக்கியின் கதைக்கு வருவோம். 1900 செப்டம்பரில் யோக்கோஹாமாவில் ஜெர்மன் கப்பல் ஒன்றில் ஏறி, சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு ஆகிய துறைகளைத் தொட்டு, ஐரோப்பாவை அடைந்து, அக்டோபர் இறுதியில் இலண்டன் சேர்ந்தார். சர்க்கார் அளித்த உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 1800 யென். ஜப்பானில் அது கௌரவமான தொகை. இலண்டனிலோ அது வறுமை. பெரிய கலாசாலைகளில் பிரபுக்களின் பிள்ளைகளோடு பழகுதற்கு அது போதாது. ஆதலின் அவர் தெருத் தெருவாகத் தங்கும் விடுதி தேடி, இரண்டாண்டில் ஐந்து இடம் மாறினார். கிடைத்த பணத்தையெல்லாம் புத்தகக் கடைகளிற் கொட்டினார். சில நாள் பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டே பகற்பொழுதைக் கழித்தார்.

அவர் தினக்குறிப்பில் எழுதிய செய்திகள் ஒருபக்கச் சார்பானவையல்ல. அந்நகர மக்கள் வண்டியில் பிறருக்கு இடம் கொடுப்பதைக் கண்டு, தம் நாட்டாரின் தன்னலத்தை எண்ணி நாணினார். அவர்கள் தம் உரிமையைத் தயங்காமற் கேட்டுப் பெறுவதைக் கண்டு பாராட்டினார். அதே பேனாவினால், இலண்டன் தெருவில் நடந்துவிட்டு உமிழ்ந்தால் கோழை கறுப்பாக வருவதையும், இத்துணை இலட்சம் மக்கள் இப்புகையை நாள்தோறும் உண்டு வாழ்வதையும் குறித்தார். உலகுக்கு நாகரிகம் ஓதும் நகரத்தின் நுரையீரல் இது!

மொழியில் அவர் பட்ட பாடு ஆங்கிலம் கற்ற நம்மவர்க்கு நன்கு விளங்கும். ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியில் வல்லவரான கிரெய்க் என்னும் முதியவரிடம் தனியே பாடங் கேட்ட அவருக்கு, விடுதி வேலைக்காரியின் இலண்டன் கொச்சை ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மறுபுறம், விடுதிக்காரியோ சின்னஞ்சிறு சொற்களையெல்லாம் எடுத்துக் காட்டி, "இது தெரியுமா? அது தெரியுமா?" என்று பச்சைக் குழந்தையிடம் கேட்பதுபோற் கேட்டாள். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடிக்க வந்தவர் இதற்கும் தலையசைத்து விடை கூறினார். ஒரு மொழியில் ஒருவன் எவ்வளவு ஆழம் சென்றாலும், அம்மொழிக்கு உரியவர் என்று கருதப்படுவோரின் முன் அவன் என்றும் அரிச்சுவடிப் பிள்ளையே.

விக்டோரியா மகாராணி 1901 ஜனவரி 22-ஆம் நாள் காலமானார். பிப்ரவரி 2-ஆம் நாள் சவ ஊர்வலம் நடந்தது. ஹைட் பார்க்கில் திரண்ட நெடிய மனிதர்களுக்கு நடுவே குள்ளமான சோசெக்கிக்கு ஒன்றும் தெரியவில்லை. அது கண்ட விடுதிக்காரர் அவரைத் தம் தோள்மேல் தூக்கிவைத்துக்கொண்டார். முப்பது கடந்த பண்டிதர் ஒருவர், பிறன் தோள்மேற் குந்திப் பேரரசு ஒன்றின் பெருமையைப் பார்த்தார்! அத்தோளில் அன்பும் இருந்தது. அதில் அமர்ந்தவருக்குக் கூச்சமும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததே அயல்நாட்டு வாழ்வு.

எல்லாவற்றினும் வேதனையான செய்தி கண்ணாடியைப் பற்றியது. ஒருநாள் தெருவில், குள்ளமாய், நிறம் மங்கி, அருவருக்கத்தக்க தோற்றத்தோடு ஒருவன் எதிரே வருவதைச் சோசெக்கி கண்டார். அருகே நெருங்கியபோதுதான் அஃது ஒரு கண்ணாடியில் விழுந்த தம் உருவமே என்று அறிந்தார். இதனை அவரே தினக்குறிப்பில் எழுதியுள்ளார். வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஜப்பானில் அவர் கண்ணாடியே பார்த்ததில்லையா? நாள்தோறும் பார்த்தவர்தாம். ஆங்கே அது வெறும் முகம். இலண்டனில் சில மாதம் வாழ்ந்தபின் அதே முகம் அசிங்கமாயிற்று. முகம் மாறவில்லை, கண் மாறிவிட்டது. தம் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு, அந்நகரத்தாரின் கண்ணை அணிந்துகொண்டு அவர் தம்மைப் பார்த்தார். அடிமைத்தனம் விலங்கு பூட்டிக்கொண்டு வருவதில்லை. இவ்வாறு கண்ணுக்குள் புகுந்தே வருகிறது.

தெருவிற் சிலர் அவரைச் சீனர் என்று எண்ணிப் பேசினர். ஜப்பானியர் பலர் அவ்வாறு அழைக்கப்படுவதை அவமானமாகக் கருதிய காலம் அது. சோசெக்கி அவ்வாறு கருதவில்லை. சீனர் ஜப்பானியரினும் மேன்மை பொருந்திய மக்கள் என்றும், காலக் கேட்டால் இப்போது தாழ்ந்திருக்கின்றனர் என்றும், அவர்களிடம் தம் நாடு பெற்ற நன்மைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் 1901 மார்ச்சில் எழுதி வைத்தார். 1902 ஜனவரியில் பிரிட்டனும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஜப்பானியர் கொண்டாடியபோது, ஏழை ஒருவன் செல்வர் வீட்டில் சம்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியில் ஊரெல்லாம் மேளங் கொட்டி ஓடுவதற்கு அதனை ஒப்பிட்டு மாமனாருக்குக் கடிதம் எழுதினார். இத்துணைத் தெளிவு அவருக்கு இருந்தது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

வழக்க வேறுபாடுகளுள் மிக நுட்பமானது சுவை வேறுபாடு. பனி பெய்யும் காட்சியைக் காண வருமாறு ஒருவரை அழைத்து அவர் நகைக்கப்பட்டார். நிலவைக் கண்டு தம் நாட்டார் உள்ளம் உருகுவதை எடுத்துச் சொன்னார், கேட்டவர்கள் விழித்தார்கள். 1902-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய மாளிகைக்கு விருந்தினராகச் சென்றார். தோட்டத்துப் பாதையில் பாசி அடர்ந்து படர்ந்திருந்தது. பாசியின் பழமையில் அழகு காண்பவர் ஜப்பானியர். ஆதலின் அவர் அதனைப் புகழ்ந்தார். வீட்டுக்காரரோ, தோட்டக்காரனைக் கொண்டு அதனை விரைவிற் சுரண்டி எறியப்போவதாகக் கூறினார். ஒருவர்க்கு அழகு; மற்றவர்க்கு அழுக்கு. இதில் எவர் தவறியவர்? எவரும் இலர். ஆனால் ஒருவர் கையில் சுரண்டும் கருவியும் நிலமும் இருக்குமாயின், மற்றவரின் அழகு நிலைக்காது.

இக்கேள்விதான் சோசெக்கியை உறங்கவிடாமற் செய்தது. அவர் சிறுவயதிற் சீன இலக்கியம் பயின்று, இலக்கியம் என்றால் இன்னது என்று ஓர் உணர்வைப் பெற்றிருந்தார். ஆங்கில இலக்கியமும் அத்தகையதே என்று நம்பிப் பல ஆண்டு கற்றார். கற்றபின் ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல் ஓர் உணர்ச்சி எஞ்சியது. ஓர் ஆங்கில விமரிசகர் ஒரு பாட்டைச் சிறந்தது என்றால், தமக்கு அவ்வாறு தோன்றாவிடினும், சிறந்தது என்றே வகுப்பிற் சொல்லிவந்தார். இது, மதுவைப் பிறன் ஒருவன் குடிக்க, அவன் கூறும் சுவையை நாம் ஒப்பிப்பது போன்றது என்பதனைப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். மயிலிறகைக் கடன் வாங்கிச் செருகிக்கொண்டு ஆடும் பறவைக்கு, அவ்விறகு எப்போது உதிருமோ என்ற அச்சம் நீங்காதன்றோ?

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு சொல். நாம் ஜோகூரிற் பிறந்து, விடியுமுன் எழுந்து, பாலங் கடந்து சிங்கப்பூர் சென்று ஆங்கில வழியிற் கற்றோம். வகுப்பில் ஓர் ஆங்கிலப் பாட்டு அழகானது என்று கற்பிக்கப்பட்டது. ஏன் அழகானது என்பதற்கு ஐந்து காரணமும் கொடுக்கப்பட்டன. ஐந்தையும் எழுதினோம், மதிப்பெண் கிடைத்தது. அதே நாள் மாலையில், லயத்துப் பக்கத்து வீட்டிற் சாவு விழுந்து, நம் பாட்டியார் ஒப்பாரி பாடுவார். எழுத்தறியாத அக்கிழவி அந்த நேரத்திலேயே கட்டிப் பாடும் பாட்டில், இறந்தவரின் பெயரும், அவர் பால் வெட்டிய மரங்களின் வரிசையும், அவர் பட்ட கடனும் இடம்பெறும். அதனைக் கேட்டு ஆடவரும் அழுவர். அப்பாட்டு அழகானதா என்று எந்தப் பள்ளியும் நம்மைக் கேட்டதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதும் பழக்கம் பள்ளிப் பிள்ளைக்கு ஏது? பாட்டியார் காலமாகிப் பதினோராண்டு ஆயிற்று. அப்பாட்டுகளில் ஒன்றும் ஏட்டில் இல்லை.

சோசெக்கி கண்ட வழி யாது? அவர் ஆங்கில நூல்களைக் கொளுத்தவுமில்லை. ஜப்பானே உலகிற் சிறந்தது என்று கூவவுமில்லை. விடுதி அறைக்குள் அடைந்துகொண்டு, "இலக்கியம் என்பதுதான் யாது?" என்று அடியிலிருந்து தொடங்கினார். மனோதத்துவ நூல்களையும் சமூக நூல்களையும் படித்து, பொடி எழுத்தில் குறிப்புக்களைக் குவித்தார். உடல் நலிந்தது, உள்ளம் கலங்கியது, அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்ற வதந்தி தாய்நாடு வரை எட்டியது. ஆயினும் ஒரு முடிவு கிடைத்தது. நம் சுவைக்கு நாமே அளவுகோல். பிறர் கருத்தைக் கேட்கலாம், தலைவணங்க வேண்டுவதில்லை. வேறுபட்டால், ஏன் வேறுபட்டது என்று ஆராய வேண்டும். இதனைத் தன்னை நடுவாகக் கொள்ளுதல் என்று அவர் பெயரிட்டார். 1902 டிசம்பரில் கப்பலேறி 1903-இல் நாடு திரும்பியவர், 1905-இல் பூனை ஒன்று மனிதரைப் பார்த்து நகைப்பதாக நாவல் எழுதத் தொடங்கிப் புகழடைந்தார். இலண்டனில் அயலான் கண்ணால் தம்மைப் பார்த்து நொந்தவர், பூனையின் கண்ணால் தம் நாட்டாரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்.

இங்கே கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. 1909-ஆம் ஆண்டில் சோசெக்கி மஞ்சூரியாவுக்கும் கொரியாவுக்கும் சென்றார். தென் மஞ்சூரிய இரயில் கம்பெனியின் தலைவர் அவருடைய பள்ளித் தோழர். தோழரின் விருந்தினராகவே அவர் சென்றார். டைரன் துறைமுகத்திற் குழுமி நின்ற சீனக் கூலிகளைக் கண்டபோது, அவர் பேனா அவர்களை அழுக்கு மூட்டை என்றும், சினந்த தேனீக் கூட்டம்போல் இரைபவர் என்றும் ஏளனம் செய்தது. பின்னர் ஓர் எண்ணெய் ஆலையில் அவர்களுடைய உடல் வலிமையையும் வாய் பேசாத உழைப்பையும் வியந்து எழுதினார். எருதை வியப்பதுபோன்ற வியப்பு அது. இகழ்ச்சியிலும் அவர்களுக்குப் பெயரில்லை, புகழ்ச்சியிலும் பெயரில்லை.

எட்டாண்டுக்கு முன்னர், சீனர் மேன்மையுடையோர் என்று தனியறையில் எழுதிய அதே கை இது! இலண்டனில் எவன் தம்மைப் பார்த்த பார்வையினால் நைந்து போனாரோ, அவனுடைய கண்ணாடியை டைரனில் அவரே அணிந்துகொண்டார். ஏன்? இலண்டனில் அவர் காலடியில் நின்றவர். டைரனில் மேல்தட்டில் நின்றவர். நிற்கும் இடம் மாறியவுடன் கண் மாறிற்று. அவரைப் போன்ற நுண்ணறிவாளருக்கே இது நேர்ந்ததென்றால், அறிவும் இரக்கமும் இல்லாத படைத்தலைவர்களுக்கு நேர்ந்தது யாது என்பதைச் சயாம் காட்டு இரயில் பாதை சொல்லும். கூலிக்குப் பெயரில்லை என்ற எண்ணமே நாம் முன்னர்க் கூறிய வித்து. அவ்வித்து ஜப்பானியருக்கு மட்டும் உரியதன்று. வெள்ளைத் துரைமார் அதனை நம் தோட்டங்களில் முன்பே நட்டு வைத்திருந்தார்கள். இப்போது அதற்கு நீர் ஊற்றுபவர் யார் என்பதே கேள்வி.

கிராணி வேலை பார்க்கும் நமக்கு இக்கேள்வி எட்டாத தூரத்துக் கேள்வியன்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துத் தமிழர் பெரும்பாலார் நகரத்துக்குப் போயினர். இன்று எங்கள் தோட்டத்திற் குலை வெட்டுவோர் லொம்போக்கிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர். அவர்களைப் பற்றி நம்மவர் பேசும் சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். "அழுக்கர்கள், குடிப்பார்கள், பொய் சொல்வார்கள், கூட்டமாய்க் கத்துவார்கள், தட்டினால்தான் வேலை செய்வார்கள்." இச்சொற்களை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? நம் பாட்டன்மாரைப் பற்றித் துரைமார் பேசிய அதே சொற்கள்! ஒரு சொல்லும் மாறவில்லை. பேசும் வாய் மட்டும் மாறியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சென்ற ஆண்டு வங்காள தேசத்து இளைஞர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். ஊரில் சிறுவர்க்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கடைக்காரர் ஒருவர், அவரும் தமிழரே, ஒரு சாவியைத் தூக்கிக் காட்டி, செவிடரிடம் பேசுவார்போல உரத்த குரலில், "இதற்குப் பெயர் தெரியுமா?" என்று மலாய் மொழியில் மூன்று நான்கு முறை கேட்டார். சுற்றி நின்றவர் சிரித்தனர். இளைஞரும் சிரித்துக்கொண்டே நின்றார். மாத முடிவில் அதே கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்கு வந்து, கூட்டலில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கூட்டிப் பார்த்தோம்; இருபது வெள்ளி மிகையாக இருந்தது. அவ்விளைஞருக்குச் சாவியின் மலாய்ப் பெயர் அன்று தெரியாமல் இருந்திருக்கலாம். கூட்டல் எந்த மொழியிலும் கூட்டல்தான்.

1914 நவம்பரில், பிரபுக்களின் பிள்ளைகள் பயின்ற கக்குஷுயின் கலாசாலையில் சோசெக்கி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இலண்டனில் தாம் பட்ட துன்பத்தையும் கண்ட தெளிவையும் அம்மாணாக்கர்க்கு எடுத்துரைத்தார். உரைத்ததோடு நிற்காமல் மேலும் சென்றார். தன் தனித்தன்மையை மதிப்பவன் பிறர் தனித்தன்மையையும் மதிக்கக் கடவன். அதிகாரம் உடையவன் அதனோடு வரும் கடமையை உணரக் கடவன். பணம் உடையவன் அதன் பொறுப்பை உணரக் கடவன் என்பதே அவர் கூறியதன் சாரம். நாளைக்கு அதிகாரமும் பணமும் கைக்கொள்ளப்போகும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே இதனைச் சொன்னார். டைரனில் தாம் எழுதிய எழுத்து அப்போது அவர் நினைவுக்கு வந்ததோ இல்லையோ, அவ்வெழுத்துக்கு இச்சொற்களே தக்க மறுப்பு.

1984 முதல் 2007 வரை ஜப்பானில் வெளியிடப்பட்டுவந்த ஆயிரம் யென் தாளில் சோசெக்கியின் முகம் அச்சாகியிருந்தது. இலண்டன் கண்ணாடியில் தமக்கே அருவருப்பாகத் தோன்றிய முகம், பின்னர் ஒரு நாட்டார் அனைவரின் பணப்பையிலும் இடம்பெற்றது. முகத்தின் மதிப்பு முகத்தில் இல்லை, பார்ப்பவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

எங்கள் அலுவலகத்துப் பரணில் பழைய செக்ரோல் ஏடுகள் சில கிடக்கின்றன. அவற்றில் ஒரே பெயருடையவரைப் பிரித்தறிய முனியன் 1, முனியன் 2, முனியன் 3 என்று எண்ணிட்டு எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பெயரும் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. சயாமுக்குப் போனவருள் எந்த முனியன் மாண்டான் என்பதை இன்று எவரும் சொல்ல முடியாமைக்கு அவ்வெண்களும் ஒரு காரணம். இந்நாளைய ஏடு கணினியில் இருக்கிறது. அதிலும் சில தோட்டங்களில் முகம்மது 1, முகம்மது 2 என்ற முறை நுழைந்திருப்பதை அறிவோம். தோட்டங்களில் எழுத்து வேலை பார்க்கும் தோழர்களுக்கு நாம் கூறுவது இவ்வளவே. ஒவ்வொருவருக்கும் அவர் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், பிறந்த ஊரையும் அவரையே கேட்டு, அவர் உச்சரிக்கும் வண்ணமே எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதற்குத் துரையின் உத்தரவு தேவையில்லை.